ரோட்டார் சுற்றும்போது சோதியுங்கள்

ஹெலிகாப்டர்களில் மின்னணுக் கருவிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். அதில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் யோசிக்காமல் ஆடியோ பேனல் என்பேன். புதுத் திரை வந்திருக்கிறது, ஆட்டோபைலட் வந்திருக்கிறது என்றால் ஹேங்கரில், அதாவது ஹெலிகாப்டர் நிறுத்தும் கொட்டகையில், இருக்கும் எல்லோரும் கூடிவிடுவார்கள். நடுக் கன்சோலில் கையகலத்துக்கு உட்கார்ந்திருக்கும், குமிழும் சுவிட்சுமாக நிறைந்த அந்தப் பெட்டியை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. பறக்கும் நேரம் முழுவதும் உள்ளே இருப்பவர்களின் வாயும் காதும் அந்தப் பெட்டியைத்தான் நம்பியிருக்கின்றன.

இந்தப் பெட்டி விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அமைதியான ஹேங்கரில் நின்று, "ஹலோ, கேட்கிறதா?" "கேட்கிறது" என்று இரண்டு பேர் சொல்லிக்கொண்டால் இன்டர்காம், அதாவது உள்ளே இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வசதி, சரியாகிவிட்டது என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். ரோட்டார், அதாவது மேலே சுழலும் இறக்கைகள், சுற்ற வேண்டும், கதவு திறந்து மூட வேண்டும், ஜெனரேட்டர் ஓட வேண்டும். ஏன் இவ்வளவு அடம் என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டால் அடம் தானாகவே புரியும்.

முதலில் சத்தம். ஹெலிகாப்டர் கேபினுக்குள் சத்தம் ரகத்தைப் பொறுத்து மாறும். 95 முதல் 105 டெசிபெல் வரை சாதாரணமாகப் பார்க்கலாம். தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் அமெரிக்க அமைப்பான நையோஷ் சொல்லும் வரம்பு, 85 டெசிபெல்லில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகிறது. கணக்குப் போட்டால் 100 டெசிபெல்லில் வெறும் காதோடு 15 நிமிடம்தான் இருக்கலாம். ஆக, ஹெட்செட்டின் முதல் வேலை காதைக் காப்பது. பேச்சைக் கேட்க வைப்பது அதற்கு அப்புறம்.

அந்தச் சத்தத்துக்குள்ளும் பல சத்தங்கள் இருக்கின்றன. இரண்டு பிளேடு வைத்த சிறிய ஹெலிகாப்டரில் மெயின் ரோட்டார் நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 சுற்று சுற்றும். அதாவது நொடிக்குப் பதின்மூன்று தட்டு. காதைவிட நெஞ்சுக்கூட்டில்தான் அது அதிகம் தெரியும். வால் ரோட்டார் இதைவிடப் பல மடங்கு வேகம். அது ஓர் உறுமல். இவை இரண்டும் எனக்குப் பெரிய தொந்தரவே இல்லை. தொந்தரவு, தலைக்கு மேலே இருக்கும் கியர்பாக்ஸ். பற்சக்கரங்கள் கடித்துக்கொண்டு போடும் ஊளை பெரும்பாலும் சில நூறு ஹெர்ட்ஸில் தொடங்கிச் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை பரவிக் கிடக்கும். மனிதப் பேச்சு விளங்குவதற்குத் தேவையான பகுதி, தோராயமாக 300 முதல் 3,000 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒரே இடம். வடிகட்டி வைத்து ஊளையை வெட்டினால் பேச்சும் சேர்ந்தே போகும். அதனால் சத்தத்தை மைக்குக்குள் நுழையும்போதே தடுத்தாக வேண்டும். உள்ளே வந்துவிட்ட பிறகு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் என்னை மயக்கியது அந்த மைக்தான். பஞ்சு உறையைக் கழற்றிப் பாருங்கள். முன்பக்கம் துளைகள் இருக்கும், பின்பக்கமும் துளைகள் இருக்கும். உள்ளே மெல்லிய சவ்வு ஒன்று. கேபின் இரைச்சல் எல்லாத் திசையிலிருந்தும் வருவதால் சவ்வின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் அழுத்தும். சவ்வு எந்தப் பக்கமும் நகராது. பேசுபவரின் உதடு முன்பக்கத்துக்கு வெகு அருகில் இருக்கிறது. பின்பக்கத் துளை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தள்ளி இருந்தாலே போதும், குரல் முன்பக்கத்தை அதிகமாகவும் பின்பக்கத்தைக் குறைவாகவும் தொடும். அந்த வித்தியாசம் சவ்வை அசைக்கிறது. மின்சுற்று எதுவும் இல்லாமல், வெறும் துளைகளை வைத்தே இரைச்சலையும் குரலையும் பிரிக்கிறார்கள். குறைந்த சுருதியில் இது நன்றாக வேலை செய்யும். இரண்டாயிரம், மூவாயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டும்போது பலன் குறைந்துகொண்டே போகும்.

மைக் உதட்டை ஒட்டி இருந்தால்தான் இந்தத் தந்திரம் பலிக்கும். தூரம் இரட்டிப்பானால் குரலின் அழுத்தம் பாதியாகிறது, அதாவது 6 டெசிபெல் குறைகிறது. உதட்டிலிருந்து 5 மில்லிமீட்டரில் இருக்க வேண்டிய மைக் 2 சென்டிமீட்டருக்குப் போனால் தூரம் இருமுறை இரட்டிப்பாகிவிட்டது. 12 டெசிபெல் போய்விட்டது. இரைச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது. வாயின் ஓரத்தில், உதட்டைத் தொட்டும் தொடாமலும் வைப்பதுதான் சரி. நேர் முன்னால் வைத்தால் மூச்சுக்காற்று அடிக்கும். பல மைக்குகளில் பேச வேண்டிய பக்கத்தைக் காட்ட ஒரு புள்ளியோ எழுத்தோ இருக்கும். பயணிகள் அதைக் கவனிப்பதே இல்லை. "இன்டர்காம் சரியில்லை" என்று எழுதி வரும் புகார்களில் ஒரு பெரிய பங்கு, மைக் தாடைக்குக் கீழே தொங்கியதாலும் திரும்பிக்கொண்டதாலும் வந்தவை. ஹேங்கரில் சோதித்தால் அப்போதும் நன்றாகவே கேட்கும். அமைதியான இடத்தில் மைக் எங்கே இருந்தாலும் கேட்கத்தானே செய்யும்!

மைக்கிலிருந்து பிளக்குக்கு வருவோம். சிறிய விமானங்களில் காதுக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று என இரண்டு பிளக் இருக்கும். ஹெலிகாப்டர் உலகில் பெரும்பாலும் ஒரே பிளக்தான்: யூ-174 என்று அழைப்போம், 7.1 மில்லிமீட்டர் தடிமன், நான்கு தொடர்பு வளையங்கள். இரண்டு காதுக்கு, இரண்டு மைக்குக்கு. வயரும் நேராக இருக்காது, சுருள் சுருளாக இருக்கும். நேர் வயர் தொங்கினால் ஹெலிகாப்டரை ஏற்றி இறக்கும் கலெக்டிவ் தண்டில் சிக்கும், கதவில் மாட்டும். அவசரமாக வெளியேறும்போது ஒரே இழுப்பில் கழன்று வரவும் வேண்டும்.

பிளக் பொருந்திவிட்டதாலேயே ஹெட்செட் பொருந்திவிட்டதாக நினைக்கக் கூடாது. ராணுவ ரக ஹெல்மெட்டின் மைக் 5 ஓம் மின்தடை கொண்ட டைனமிக் வகை. காந்தத்துக்குள் அசையும் சுருளில் பிறக்கும் மிகச் சிறிய மின்னழுத்தம்தான் அதன் வெளியீடு. சிவில் ரகமோ பழைய கார்பன் மைக்கின் வழிவந்தது. அந்தக் காலத்துக் கார்பன் மைக்கில் கரித்தூள் அடைத்த ஒரு சிமிழ் இருக்கும். அதன் வழியே மின்சாரம் பாயும். குரல் தூளை அழுத்தும்போது மின்தடை மாறும். இன்று உள்ளே எலக்ட்ரெட் மைக்கும் ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயரும் இருக்கின்றன. ஆனாலும் வெளியுலகுக்கு அது கார்பன் மைக் போலவே நடந்துகொள்கிறது. பேனலிலிருந்து வரும் மின்சாரமும் பேனலுக்குப் போகும் குரலும் ஒரே வயரில்தான். 5 ஓம் மைக்கைச் சிவில் பேனலில் செருகினால் குரல் கிசுகிசுப்பாகத்தான் போகும். பொறுக்காமல் உள்ளீட்டைக் கூட்டினால் குரலோடு இரைச்சலும் எழுந்து நிற்கும். ஹெல்மெட் கடன் வாங்கிப் போகும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி அது எந்த மின்தடை என்பது. காது பக்கமும் அப்படித்தான்: ராணுவத்தில் 8 அல்லது 19 ஓம், சிவிலில் 300 ஓம், 600 ஓம் என்று போகும். குறைந்த மின்தடைக் காதொலியை அதிக மின்தடைக்கான வரிசையில் செருகினால், அதே வரிசையில் இருக்கும் மற்றவர்களின் சத்தத்தையும் அது இழுத்துக் குறைத்துவிடும்.

இனிப் பேனல். யார் பேசுவது எங்கே போக வேண்டும், யாருக்கு எது கேட்க வேண்டும் என்பதுதான் அதன் வேலை. ஒரு திருகு குமிழ், எந்த ரேடியோவில் பேசப்போகிறேன் என்பதற்கு: காம்1, காம்2 என்னும் இரண்டு விமான ரேடியோக்கள், தரையிலுள்ள குழுவோடு பேசும் எஃப்எம், வெளி ஒலிபெருக்கி. ஒரு வரிசைச் சுவிட்சுகள், எவற்றைக் கேட்கப்போகிறேன் என்பதற்கு. பேசுவது ஒன்றில் மட்டுமே, கேட்பது எத்தனையில் வேண்டுமானாலும். காம்1-இல் டவர் (விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம்), காம்2-இல் கம்பெனி, எஃப்எம்மில் மீட்புக் குழு, வழிகாட்டும் நிலையத்தின் மோர்ஸ் அடையாளம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர், பின்னால் இருப்பவர், இவை அத்தனையும் ஒரே நேரத்தில் ஒரே ஜோடிக் காதுக்குள் வந்து விழலாம்.

பைலட்டின் கை கட்டுப்பாட்டை விட்டு எடுக்க முடியாத வண்டி இது. வலது கை, ஹெலிகாப்டரைச் சாய்த்துத் திசை மாற்றும் சைக்ளிக் தண்டில், இடது கை கலெக்டிவில், கால்கள் பெடலில். அதனால் பேசும் பட்டன் சைக்ளிக்கின் பிடியிலேயே, ஆட்காட்டி விரலுக்கு விசைபோல வைக்கப்பட்டிருக்கும். பல ரகங்களில் அதற்கு இரண்டு படி. பாதி அழுத்தினால் இன்டர்காம், முழுக்க அழுத்தினால் ரேடியோ. இரண்டு படிக்கும் நடுவே விரலுக்கு ஒரு 'தடக்' தெரியும். அந்தத் தடக் தேய்ந்துபோன விசையை நான் சகித்துக்கொள்ள மாட்டேன். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வந்தது ஊருக்கே ஒலிபரப்பாகிவிடும், அதுவும் டவர் வேறொருவருக்கு அனுமதி தந்துகொண்டிருக்கும் அலைவரிசையில். விமான ரேடியோ 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸில் ஏஎம் முறையில் இயங்குகிறது. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு அலைகளும் மோதிக் கீச்சென்று ஒரு ஊளை கேட்கும். ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேசிவிட்டார் என்று தெரிந்துவிடும். விசை உள்ளேயே சிக்கிக்கொண்டால் இன்னும் கேடு. அந்த அலைவரிசையையே அடைத்துவிடும். அதற்காகச் சில ரேடியோக்கள் தொடர்ந்து 35 நொடி பேசினால் தாமாகவே ஒலிபரப்பை நிறுத்திக்கொள்ளும்.

முழு விசையை அழுத்தியதும் பேனல் சத்தமில்லாமல் இன்னொரு காரியம் செய்கிறது. அழுத்தியவரின் மைக்கை மட்டும் ரேடியோவுக்குத் திறந்துவிட்டு, மற்றவர்களின் மைக்குகளை ரேடியோப் பாதையிலிருந்து வெட்டிவிடுகிறது. பின்சீட்டில் ஒருவர் இருமினால் டவருக்குப் போகாது. இரண்டு பைலட்டும் ஒரே நேரத்தில் அழுத்தினால் யாருக்கு முன்னுரிமை என்பதையும் பேனலே முடிவு செய்யும்.

ரேடியோவில் பேசும்போது நம் குரல் நம் காதிலேயே கேட்கும். இதை சைட்டோன் என்போம். காது இறுக்கமாக மூடியிருக்கும்போது நம் குரல் நமக்கே கேட்காவிட்டால் தன்னையறியாமல் கத்த ஆரம்பிப்போம். அதிகமாகக் கேட்டால் முணுமுணுப்போம். ரேடியோவிலிருந்து திரும்பி வரும் சைட்டோன் என்றால், ஒலிபரப்பு உண்மையிலேயே வெளியே போகிறது என்பதற்கும் அதுவே அடையாளம். எல்லாம் டிஜிட்டலாக மாறும் காலத்தில் இங்கே ஒரு புதுச் சிக்கல். மைக்கிலிருந்து கணினிச் சில்லு வழியாகக் காதுக்கு வருவதற்குள் தாமதம் ஏற்படுகிறது. சில மில்லிநொடி என்றால் தெரியாது. 200 மில்லிநொடி அளவுக்குப் போய்விட்டால் மனிதர்களுக்கு நாக்கு குழற ஆரம்பித்துவிடும். தம் குரலே பின்னால் துரத்தி வருவதால் பேச முடியாமல் திணறுவார்கள். அதனால்தான் நல்ல டிஜிட்டல் பேனல்களில் சைட்டோனுக்கு மிகக் குறுகிய பாதை வைக்கிறார்கள்.

இன்டர்காமில் மைக் எப்போது திறந்திருக்க வேண்டும்? இதுதான் நான் அதிகம் வாதாடும் இடம். மூன்று வழி இருக்கிறது. பட்டனை அழுத்தினால் மட்டும் திறப்பது ஒன்று. எப்போதும் திறந்தே வைப்பது, அதாவது ஹாட் மைக், இன்னொன்று. குரல் கேட்டால் தானாகத் திறப்பது மூன்றாவது. அதை வாக்ஸ் என்போம். கேட்பதற்கு வாக்ஸ்தான் புத்திசாலித்தனமாகத் தெரியும். உள்ளே ஒரு வாசல் இருக்கிறது. மைக்கில் வரும் அளவு ஒரு வரம்பைத் தாண்டினால் திறக்கும், பேச்சு நின்று சற்று நேரத்தில் மூடும். வரம்பைத் தாழ்த்தி வைத்தால் இரைச்சலே வாசலைத் திறந்துவிடும். உயர்த்தி வைத்தால் முதல் அசை வெட்டுப்படும். "வலது பக்கம் கம்பி" என்பது "...து பக்கம் கம்பி" என்று வந்து சேரும். மின்கம்பியைப் பற்றிச் சொல்லும்போது எந்தப் பக்கம் என்ற சொல் பாதியாக வருவதை எந்தப் பைலட்டும் விரும்ப மாட்டார். அனுபவப்பட்டவர்கள் "ஆ..." என்று இழுத்து வாசலைத் திறந்துவிட்டுப் பிறகு விஷயத்தைச் சொல்வார்கள்.

எல்லா மைக்கும் ஒரே வாசலைப் பகிர்ந்துகொள்ளும் பழைய பேனல்களில் இன்னும் மோசம். ஒருவர் வாயைத் திறந்தால் அத்தனை மைக்கும் திறந்து, அத்தனை பேரின் இரைச்சலும் உள்ளே கொட்டும். ஆறு மைக் திறந்தால் ஆறு பங்கு இரைச்சல். ஒவ்வொரு மைக்குக்கும் தனி வாசல் வைத்த பேனல் வந்தபோது எனக்கு அத்தனை மகிழ்ச்சி. இரைச்சல் மட்டத்துக்கு ஏற்பத் தானே வரம்பை மாற்றிக்கொள்பவையும் இருக்கின்றன. அவற்றையும் கதவைத் திறந்துதான் சோதிப்பேன். பக்கக் கதவைத் திறந்த கணத்தில் காற்று மைக்கில் அடிக்கும் அடி, எந்த வாசலையும் பிடித்துத் திறந்தே வைத்துவிடும்.

விஞ்ச் வைத்த ஹெலிகாப்டர் ஒன்றில் இன்டர்காம் மாற்றிய பிறகு, சோதனைப் பறப்பில் பின்னால் நானும் இருந்தேன். விஞ்ச் வேலையை அருகிலிருந்து பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கீழே ஒருவரைக் கம்பி கட்டி இறக்குகிறார்கள். பைலட்டுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது. அது அவருடைய இருக்கைக்கும் தரைக்கும் நடுவில் மறைந்திருக்கிறது. கதவருகே மண்டியிட்டு, பாதுகாப்பு வாரை மாட்டிக்கொண்டு, தலையை வெளியே நீட்டிப் பார்க்கும் விஞ்ச் ஆபரேட்டர்தான் அவருடைய கண். "முன்னால் ஐந்து... நாலு... மூன்று... ரெண்டு... ஒன்று... நில். இடது ரெண்டு... ஒன்று... நில். ஆள் இறங்குகிறார், பாதி தூரம்..." என்று பேச்சு அறுபடாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எண் குறையும் வேகத்தைக் கேட்டுத்தான் பைலட் ஹெலிகாப்டரை நகர்த்துகிறார். குரல் நின்றுபோனால் அவருக்கு அதுவே ஆபத்தின் அறிகுறி.

அன்றைக்குக் கதவு திறந்ததும் ஆபரேட்டரின் வாக்ஸ் வாசல் திறந்தது, மூடவே இல்லை. ரோட்டார் கீழே தள்ளும் காற்று ஹெல்மெட் விளிம்பில் அடித்து மைக்குக்குள் புயலாக வந்தது. எண்கள் கேட்டன, ஆனால் "மூன்று"க்கும் "ஒன்று"க்கும் உள்ள வித்தியாசத்தை ஊகிக்க வேண்டியிருந்தது. கேபிளை இறக்காமலேயே திரும்பினோம். ஆபரேட்டர் இருக்கும் இடத்துக்கான வாக்ஸை எடுத்துவிட்டு, மார்பில் மாட்டிய சுவிட்சில் மூன்று நிலை வைத்தோம்: ஒரு பக்கம் தள்ளினால் மைக் திறந்தே இருக்கும், நடுவில் மூடியிருக்கும், மறு பக்கம் அழுத்திப் பிடித்தால் மட்டும் திறக்கும். காற்றுக்குத் தடித்த பஞ்சு உறை, உதட்டில் ஒட்டும் அளவுக்கு நெருக்கமான மைக். மறுமுறை எண்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்தன. இந்த வித்தியாசத்தை ஹேங்கரில் நின்று எந்தக் கருவியாலும் என்னால் காட்டியிருக்க முடியாது.

அந்த நேரத்தில் ரேடியோவை யார் கேட்பது என்பதையும் பேனல்தான் தீர்த்துவைக்கிறது. இரண்டு பைலட் இருந்தால் ஒருவர் ரேடியோக்களைத் தம் பக்கம் வாங்கிக்கொள்வார். ஓட்டுபவர் தம் பேனலில் அவற்றைத் தணித்துவிட்டு ஆபரேட்டரின் குரலை மட்டும் கேட்பார். ஒவ்வொரு இருக்கைக்கும் தனிப் பேனல் தேவைப்படுவது இதனால்தான்.

ஆனால் சில ஒலிகளைத் தணிக்கவே முடியாதபடி வயர் போடுவோம். ரோட்டார் வேகம் குறைகிறது, இன்ஜின் நின்றுவிட்டது, தீ என்று சொல்லும் எச்சரிக்கைகள் எந்தச் சுவிட்சையும் எந்த வால்யூம் குமிழையும் தாண்டி நேராகக் காதுக்குப் போகும். ராபின்சன் ஆர்44 என்னும் சிறிய ஹெலிகாப்டரில் ரோட்டார் வேகம் 97 சதவீதத்துக்கு இறங்கினால் ஹார்ன் அடிக்கும். கலெக்டிவ் முழுக்கக் கீழே இருந்தால் அடிக்காது. தரையில் சுற்ற ஆரம்பிக்கும்போது வீணாக அடித்து மனிதர்களின் காதை மரத்துப்போக வைக்கக் கூடாது அல்லவா. இந்தச் சத்தங்களின் அளவை நிர்ணயிப்பது மிக நுணுக்கமான வேலை. தாழ்வாக வைத்தால் பேச்சில் மூழ்கிவிடும். உயர்த்தி வைத்தால், அவசர நேரத்தில் பக்கத்திலிருப்பவர் சொல்வதை எச்சரிக்கையே மூழ்கடித்துவிடும். பைலட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இன்ஜின் ஓடும்போதே அளவை வைப்பேன்.

குரல் பதிவுப் பெட்டிக்கும் பேனலிலிருந்தே தனிக் கம்பிகள் போகின்றன. ஒவ்வொரு பைலட்டின் மைக்கும், அவர் எந்தப் பட்டனையும் அழுத்தாதபோதும், பதிவுக்குத் திறந்தே இருக்கும். அதோடு காக்பிட்டில் பொதுவாக ஒரு மைக் உண்டு. ஹெலிகாப்டரில் அதில் பேச்சு அதிகம் விளங்காது, இரைச்சல்தான். ஆனால் அந்த இரைச்சலை அலைநிறமாலையாகப் பிரித்துப் பார்த்தே விசாரணை அதிகாரிகள் ரோட்டாரும் கியர்பாக்ஸும் எந்த வேகத்தில் சுற்றின என்று கண்டுபிடிக்கிறார்கள். பறப்புத் தகவல் பதிவுப் பெட்டி இல்லாத ஹெலிகாப்டரில் ரோட்டார் வேகத்தையாவது குரல் பதிவுப் பெட்டியில் பதிய வேண்டும் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதியிலேயே இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பழுதைச் சொல்லாமல் போக முடியாது. எல்லா ஹெட்செட்டிலும் மெல்லிய ஊளை என்று ஒரு புகார் வந்தது. வெளி மின்சாரத்தைக் கொடுத்து ஹேங்கரில் கேட்டால் ஒன்றுமே இல்லை. இன்ஜினை ஓட்டச் சொல்லி உள்ளே உட்கார்ந்தேன். ஊளை இருந்தது, இன்ஜின் வேகம் ஏற ஏற அதன் சுருதியும் ஏறியது. ஜெனரேட்டரை அணைக்கச் சொன்னேன், நின்றுவிட்டது. இந்த இடத்தில் பலர் ஜெனரேட்டரைக் கழற்ற ஓடுவார்கள். ஜெனரேட்டரின் 28 வோல்ட் மின்சாரத்தில் கொஞ்சம் அலை இருப்பது இயல்பு. அது ஆடியோவுக்குள் நுழைய யார் வழி விட்டது என்பதுதான் கேள்வி. ஹெட்செட் பிளக்குகளை ஒவ்வொன்றாக உருவச் சொன்னேன். ஒன்றும் மாறவில்லை. பின்பக்க இடது ஜாக்கின் உடலை விரலால் அழுத்தியபோது ஊளை ஒரு கணம் விட்டு வந்தது. ஜாக்கைத் தகட்டிலிருந்து பிரித்து வைக்க ஒரு நார் வாஷர் போடுவோம். அது விரிந்து, ஜாக்கின் எர்த் பக்கம் உடல் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆடியோவின் எர்த் பேனலில் ஓரிடத்தில் மட்டும் இணைய வேண்டும். இரண்டாவது இடத்தில் தொட்டால் நடுவில் ஒரு வளையம் உருவாகி, வண்டியின் உடலில் ஓடும் மின்னோட்டமெல்லாம் அந்த வளையத்துக்குள் புகுந்து காதில் பாடும். ஷீல்டு வயரின் ஒரு முனையை மட்டும் எர்த் செய்வதும் இதற்காகவே. வாஷரை மாற்றினோம், ஊளை போனது.

இரைச்சலை அதற்கு எதிரான அலையால் அடிக்கும் ஏஎன்ஆர் ஹெட்செட் பற்றியும் கேட்பார்கள். எண்ணம் பழையது, பால் லூயெக் என்பவருக்கு 1936-இலேயே அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்திருக்கிறது. போஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ் 1978-இல் ஒரு விமானப் பயணத்தில் இதைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினார். விமானிகளுக்கான போஸ் ஹெட்செட் சந்தைக்கு வந்தது 1989-இல். காதுமூடிக்குள் ஒரு குட்டி மைக் இரைச்சலைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உருவாக்கிக் கலக்கிறது. குறைந்த சுருதியில் அற்புதமாக வேலை செய்யும். ரோட்டாரின் தட்டும் உறுமலும் விலகிப் போகும். கியர்பாக்ஸின் ஊளைக்கு அது பெரிய மருந்தில்லை; அங்கே காதுமூடியின் கனமும் அடைப்பும்தான் காப்பாற்ற வேண்டும். கண்ணாடிக் காம்பு மூடியின் மெத்தையைத் தூக்கிக் கொஞ்சம் இடைவெளி விட்டால்கூட அடைப்பு போய்விடும். மெல்லிய காம்புள்ள கண்ணாடி போடுங்கள் என்று நான் பைலட்டுகளை நச்சரிப்பது வழக்கம்.

புதிய பேனல்களில் எனக்கு உண்மையிலேயே பெரிய முன்னேற்றமாகத் தெரிவது குரல்களை இடம் பிரித்து ஒலிக்க வைக்கும் வசதி. காம்1 வலப்பக்கம் இருந்து வருவதுபோல, காம்2 இடப்பக்கம் இருந்து, பக்கத்து இருக்கைக்காரர் அவர் இருக்கும் பக்கத்திலிருந்தே. கூட்டத்தில் பல குரல்களுக்கு நடுவே ஒன்றைப் பிடித்துக் கேட்கும் மனிதத் திறனை ஆய்வாளர் காலின் செர்ரி 1953-இல் ஆராய்ந்து எழுதினார். இரண்டு காதுக்கும் வேறுவேறாக வந்தால் பிரித்துக் கேட்பது எவ்வளவு எளிதாகிறது என்பது அப்போதே தெரிந்த விஷயம். அது காக்பிட்டுக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆனது. அதற்கு ஸ்டீரியோ ஹெட்செட் வேண்டும், ஸ்டீரியோ வயரிங்கும் வேண்டும். பழைய ஒற்றை வயரை வைத்துக்கொண்டு புதுப் பேனலை மட்டும் வாங்கினால் காசுக்குப் பாதிப் பலன்தான்.

கடைசியாக, பேனலே செத்துப்போனால்? பெரும்பாலான பேனல்களில் உள்ளே ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், இருக்கும். மின்சாரம் இருக்கும் வரை அது இழுத்துப் பிடித்திருக்கும். மின்சாரம் போனதும் விட்டுவிடும். விட்டதும் பைலட்டின் மைக்கும் காதும் எந்த ஆம்ப்ளிஃபயரும் இல்லாமல் நேராக காம்1 ரேடியோவோடு இணைந்துவிடும். இன்டர்காம் இருக்காது, மற்ற ரேடியோக்கள் இருக்காது. டவரோடு மட்டும் பேசலாம். மிக எளிமையான, மிக அவசியமான ஏற்பாடு. இதை யாரும் சோதிப்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். வருடக்கணக்காக அசையாத ரிலேயின் முனைகள் கறுத்துப்போயிருக்கலாம்.

உங்கள் ஹெலிகாப்டரின் கையேடு அனுமதித்தால், தரையில் ரோட்டார் சுற்றும்போது ஆடியோ பேனலின் சர்க்யூட் பிரேக்கரை இழுத்து, டவரிடம் ஒரு ரேடியோ செக் கேளுங்கள். அந்த நிலையில் பேனலின் வால்யூம் குமிழ் வேலை செய்யாது. சத்தம் போதவில்லை என்றால் காம்1 ரேடியோவின் சொந்தக் குமிழைத்தான் திருக வேண்டும். அந்தக் குமிழை இருட்டில் கையால் தடவிக் கண்டுபிடிக்க முடிகிறதா என்றும் பாருங்கள். பிரேக்கரைத் திரும்ப உள்ளே தள்ளும் முன் காம்1-இன் வால்யூமைக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து காதில் அறையும்.